வெள்ளி 15 ஆ...

என் கல்யாணம் நின்றுபோக இருந்ததற்கு ஜாதகம் காரணமில்லை. சொந்தக்காரர்களும் காரணமில்லை. (அவர்கள் முயற்சி செய்தார்கள், அது வேறு விஷயம்.) காரணம் ஒரே ஓர் எழுத்து: ஆ. அந்த எழுத்துக்குப் பிறகு என்ன எழுதியிருந்தது என்று என் போனில் தெரியவில்லை. புது போன் வாங்கவோ எனக்கு மனசு வரவில்லை. இவ்வளவுதான் நடந்தது. ஆனால் இதை இவ்வளவோடு விட எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் தயாராக இல்லை.

நான் பாயான் லெப்பாஸில் சிப் பரிசோதிக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். இப்போது போன் விலை ஏறுகிறதே, சிப் விலை ஏறியதுதான் காரணமாம். போன வாரம் ஒரு கடைக்காரர் இதை எனக்கே விளக்கினார். காலையிலிருந்து மாலை வரை அந்தச் சிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியும் ஒரு வெள்ளி குறைக்கவில்லை. (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம்.)

ஏழு வருடத்துக்கு முன்பும் விலை ஏறியது. அப்போது டாலரைக் காரணம் சொன்னார்கள். விலை ஏறும்போது மனிதர்கள் இரண்டு வகை. இன்னும் ஏறுவதற்குள் வாங்கிவிடுவோம் என்று ஓடுகிறவர்கள் ஒரு வகை. இறங்கட்டும் என்று உட்கார்ந்திருப்பவர்கள் இன்னொரு வகை. நான் உட்காருகிற வகை. உட்கார்ந்தால் எழுந்திருக்கவும் மாட்டேன்.

அப்போது என் போன் பாசாரில் மீன் கடை முன்னால் ஈரத் தரையில் குப்புற விழுந்திருந்தது. எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். உயிர் இருந்தது. ஆனால் திரையின் வலது பக்கம் பாதிக்குப் பாதி கறுப்பாகிவிட்டது. தொட்டால் வேலை செய்யும், கண்ணுக்குத் தெரியாது. படுக்கவைத்துப் பிடித்தால் எழுத்தும் திரும்ப வேண்டுமே, அதுவும் விழுந்ததோடு நின்றுவிட்டது. யார் என்ன அனுப்பினாலும் ஒவ்வொரு வரியிலும் முதல் பாதிதான் எனக்கு.

கொம்தாரில் போன் கடை வைத்திருந்த அண்ணனிடம் போனேன். ரிப்பேருக்குக் கேட்டால், புது ஸ்கிரீன் போடும் காசுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புது போனே வாங்கலாம் என்றார். புது போன் ஆயிரத்து நூறு வெள்ளி. அடுத்த வாரம் போனேன். ஆயிரத்து நூற்றைம்பது.

"என்னண்ணே, போன வாரம் ஒரு விலை, இந்த வாரம் ஒரு விலையா?"

"நான் என்ன செய்ய தங்கச்சி? டாலர் ஏறுது லா. வேணாம் வேணாம்னு சொல்லிட்டு நீ போயிட்டு வர்றதுக்குள்ள இன்னும் ரெண்டு வாட்டி ஏறும்."

அந்த 'ரெண்டு வாட்டி ஏறும்' என் மண்டையில் ஆணி மாதிரி இறங்கியது. வேணாம் என்று சொன்னால் ஏற்றுவார்களா? அப்படியென்றால் வாங்கவே மாட்டேன். பாதித் திரையே போதும், மீதியை நானே ஊகித்துக்கொள்வேன் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

ஊகிப்பதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு வேறு. அம்மா 'பால் வாங்கி' என்று அனுப்பியிருந்தாள். மீதி 'வா' என்று ஊகித்து ஆறு பாக்கெட் வாங்கிப் போனேன். மீதி 'ட்டேன்'. மூன்று நாள் வீட்டில் பாயசம். சூப்பர்வைசர் 'நாளைக்கு லீவு' என்று அனுப்பினார். லீவு என்று வீட்டில் இருந்துவிட்டேன். மீதி 'கிடையாது'. இதெல்லாம் தொழில் பழகும்போது நடக்கும் சின்னச் சின்னப் பிழைகள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் குகன் வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். குகன் ஜுருவில் கார் உதிரிபாகக் கடையில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம், சிம்பாங் அம்பாட். அப்பா இல்லை. அம்மா தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாண வழி வந்த குடும்பம். டீச்சர் சாதாரணமாகப் பேசினாலே பாடப்புத்தகம் வாசிப்பதுபோல இருக்கும். வந்த அன்றே எனக்கு ஒரு நீலப் பட்டுச் சேலை கொடுத்துவிட்டுப் போனார்.

குகன் அன்று என் போனைக் கையில் வாங்கிப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். "இன்னும் ஓடுதே, அப்புறம் எதுக்கு மாத்தணும்?" என்றார். அதுவரை அந்த போனைப் பார்த்துச் சிரிக்காத ஒரே மனிதர். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. இதை மறைப்பதில் அர்த்தமில்லை, ரொம்பவே பிடித்துவிட்டது.

அவர்கள் போன பிறகு அம்மாவின் தோழி பக்கத்து வீட்டுச் சரசாக்கா வந்து உட்கார்ந்தார். "அந்தப் பக்கமெல்லாம் சீதனம் கேப்பாங்க லா. பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அப்பா துறைமுகத்து வார்ஃபில் முதுகு ஒடிய வேலை செய்து அக்கா கல்யாணத்தை முடித்து அப்போதுதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். எனக்காக அவர் இன்னொரு முறை யாரிடமும் போய் நிற்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

நான்கு நாள் கழித்து டீச்சரிடமிருந்து மெசேஜ் வந்தது. சுத்தமான தமிழ் எழுத்தில். என் திரையில் தெரிந்தது இவ்வளவுதான்:

வணக்கம் பிள்ளை. நிச்சயத்துக்கு
வெள்ளி 15 ஆ
எங்கள் பக்கம்
அதற்குக் குறைக்க முடியாது
தம்பிக்கும் இதுதான்
பிள்ளை வந்தால்
யோசித்துச் சொல்லுங்கள்

நான் ஊகிக்கத் தேவையே இருக்கவில்லை. கோயில் ரசீதில்கூட 'வெள்ளி 51' என்றுதானே எழுதுகிறார்கள்? வெள்ளி 15 ஆயிரம். அவர்கள் பக்கம் அதுதான் வழக்கம். அதற்குக் குறைக்க முடியாது. தம்பிக்கும் இதுதான் விருப்பம். (வீட்டில் குகனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள்.) பிள்ளை வந்தால் கையோடு கொண்டு வர வேண்டும். யோசித்துச் சொல்லுங்கள்.

அப்பா, அம்மா முன்னால் இதைச் சத்தமாக வாசித்தேன். எது திரையில் இருந்தது, எது என் வாயில் இருந்து வந்தது என்று நான் பிரித்துச் சொல்லவில்லை.

அப்பா காப்பியைக் கீழே வைத்தார். "பதினஞ்சாயிரமா? அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லலையேம்மா."

"டீச்சரம்மா அப்படிப்பட்டவங்களாத் தெரியலையே. ஒரு போன் போட்டுக் கேளு லா" என்றாள் அம்மா.

கேட்பதா? நானா? 'தம்பிக்கும் இதுதான்' என்ற வரி என் கண்ணை விட்டுப் போகவில்லை. போனைப் பார்த்துச் சிரிக்காத மனிதருக்கும் இதுதான். அழுகை வந்தது, அழவில்லை. அதற்குப் பதிலாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அதை ஒரு வார்த்தை விடாமல் இன்றும் என்னால் சொல்ல முடியும். ஏனென்றால் என் கணவர் அதை அழிக்காமல் வைத்திருக்கிறார்.

"டீச்சர், வணக்கம். உங்க மெசேஜ் பாத்தோம். வெள்ளிக்கெல்லாம் நாங்க ஒத்துக்க மாட்டோம். எங்க அக்கா கல்யாணத்துலயும் வெள்ளிங்கிற பேச்சே இல்ல, எங்கம்மா கல்யாணத்துலயும் இல்ல. வெள்ளிதான் வேணும்னு நினைக்கிற வீட்டுக்கு நான் மருமகளா வர மாட்டேன். எனக்கு ரெண்டு பேச்சு கிடையாது. நன்றி."

அந்த 'நன்றி'யை நான் சொன்ன விதத்தில் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அங்கே சிம்பாங் அம்பாட்டில் டீச்சர் அதை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டிருக்கிறார். கூட மூன்று பேர் இருந்தார்களாம். மூன்று முறை கேட்டார்களாம். "வெள்ளிக்கிழமைக்கு இவ்வளவு கோபமா?" என்று ஒரு பெரியப்பா திகைத்துப்போனாராம். அவர்கள் குடும்பத்தில் வெள்ளிக்கிழமையில் யாருக்காவது ஏதாவது ஆகியிருக்கும், பாவம், தோண்டிக் கேட்கக் கூடாது என்று டீச்சர் எல்லாரையும் அடக்கினாராம். இது எனக்குப் பிறகு தெரிந்தது.

அன்று சாயங்காலமே பதில் வந்தது. என் திரையில் மூன்று துண்டு:

சரி பிள்ளை. உங்கள்
17 ஆ
இதற்கு மேல்

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பதினைந்துக்கு முடியாது என்றால் பதினேழா! வேணாம் என்று சொன்னால் ஏற்றுவதற்கு இது என்ன கொம்தார் போன் கடையா? அடுத்து இருபதா?

குகன் நான்கு தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை கூப்பிட்டால் எடுக்கலாம் என்று இருந்தேன். அவர் ஐந்தாவது தடவை கூப்பிடவில்லை. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

சனிக்கிழமை காலை அந்த நீலச் சேலையைப் பெட்டியோடு பிளாஸ்டிக் பையில் சுற்றி, மோட்டார் சைக்கிள் பின்னால் கயிறு போட்டுக் கட்டினேன். நேரில் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவது என்று முடிவு. அம்மா வேண்டாம் என்றாள், அப்பா தானும் வருகிறேன் என்றார். இருவரையும் நிறுத்திவிட்டுக் கிளம்பினேன். பாலத்தில் காற்று மோட்டாரைத் தள்ளியது. ஹெல்மெட்டுக்குள் சத்தமாகப் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். 'எங்கப்பா என்னை விக்கலை டீச்சர், வளத்தாரு' என்பது அதில் முக்கியமான வசனம். இரண்டு இடத்தில் எனக்கே கண் கலங்கியது.

டீச்சர் வாசலில் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயைப் போட்டுவிட்டு வந்தார்.

"வாரும் பிள்ளை, வாரும். வெயிலில் நிற்காமல் உள்ளே வாரும்."

"இருக்கட்டும் டீச்சர். நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போயிடறேன்."

சொன்னேனே தவிர உள்ளே போய்விட்டேன். சேலைப் பெட்டியை மேசைமேல் வைத்தேன். குகன் அறையிலிருந்து வெளியே வந்து பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவோரம் நின்றுகொண்டார். பாலத்தில் பேசிப் பார்த்த வசனமெல்லாம் எனக்கு மறந்துபோனது. கணக்கு மட்டும் ஞாபகம் இருந்தது.

"டீச்சர், பதினஞ்சுக்கே எங்களால முடியாதுன்னு சொன்னேன். நீங்க பதினேழுக்கு ஏத்திட்டீங்க."

"ஏற்றவில்லையே பிள்ளை. தள்ளித்தான் வைத்தோம்."

"ரெண்டு அதிகம்தானே டீச்சர்?"

"ஆமாம், இரண்டு அதிகம்தான். அதற்குள் உங்களுக்கும் ஆயத்தம் செய்ய வசதியாக இருக்கும் அல்லவா?"

இரண்டாயிரம் ஏற்றிவிட்டு ஆயத்தம் செய்ய வசதியாம்! எவ்வளவு நிதானமாகச் சொல்கிறார் பாருங்கள். ஆனாலும் கதவோரம் நின்ற மனிதரைப் பார்த்ததும் என் உறுதியில் ஓர் இழை விட்டுப்போனது. என் சேமிப்பில் கொஞ்சம் இருந்தது. அப்பாவுக்குத் தெரியாமல் நானே கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். அந்த நினைப்பை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"ஒரு பேச்சுக்குக் கேக்கிறேன் டீச்சர். பத்துன்னா?"

டீச்சர் முகம் மாறியது. "பத்து வேண்டாம் பிள்ளை. பத்து மரணயோகம்."

பத்துக்குப் பேரம் பேசினால் மரணமா? இதை ஒரு தமிழாசிரியை வாய் கூசாமல் சொல்கிறாரே! போலீசுக்குப் போவதா, அப்பாவைக் கூப்பிடுவதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் திரும்பிச் சுவரைக் காட்டினார்.

"நீரே பாரும்."

சுவரில் ஒரு தமிழ் மாத நாட்காட்டி தொங்கியது. மேலே வரிசையாகக் கிழமைகள். 'வெள்ளி' என்ற தலைப்பின் கீழே 1, 8, 15, 22, 29. பதினைந்தைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். அந்த வட்டத்தின்மேல் ஒரு பெருக்கல் குறி. 'ஞாயிறு' என்பதன் கீழே பதினேழில் இன்னொரு வட்டம். பத்தாம் தேதிக் கட்டத்தில் பொடி எழுத்தில் மரணயோகம்.

நான் அந்த வெள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த வெள்ளி. சின்ன வயதில் தலைக்குக் குளித்துக் கோயிலுக்குப் போன வெள்ளி. அது என் ஞாபகத்துக்கே வரவில்லை. இரண்டு மாதமாக விலை, விலை என்று அலைந்து, என் தலைக்குள் வெள்ளி என்றால் காசு மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

"போனைக் குடுங்க" என்றார் குகன். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது.

என் போனை ஒரு கையிலும் டீச்சரின் போனை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டீச்சரின் போனிலிருந்து முழுவதையும் வாசித்தார்.

"வணக்கம் பிள்ளை. நிச்சயத்துக்கு நாள் பார்த்தோம். வெள்ளி 15 ஆம் தேதி நல்ல நாள். எங்கள் பக்கம் இருபது பேர் வருவோம். அதற்குக் குறைக்க முடியாது, சொந்தம் பெரிது. தம்பிக்கும் இதுதான் வசதி, லீவு இருக்கிறது. பிள்ளை வந்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம். யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை."

வேறு ஒன்றும் வேண்டாம். அது என் போனில் வலது பக்கம் கறுப்புக்கு அடியில் அத்தனை நாளும் இருந்திருக்கிறது. அதன்மேல் விரலை வைத்துத்தான் நான் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறேன்.

நான் பதினஞ்சாயிரம் என்று நினைத்ததை அழுதுகொண்டே சொல்லி முடித்தபோது டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவரோ என்னைவிட அதிகம் வருத்தப்பட்டார்.

"பிழை என்னுடையது பிள்ளை. 'வெள்ளிக்கிழமை' என்று முழுதாக எழுதியிருக்க வேணும். '15 ஆம்' என்று இடைவெளி வேறு விட்டிருக்கிறேன். சேர்த்து அல்லவா எழுத வேணும்? முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிழை திருத்தினேன்..."

குகன்தான் சிரிக்கத் தொடங்கினார். முதல்முறையாக அந்த போனைப் பார்த்துச் சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சுன்னு ரெண்டு நாளா சாப்பிடல நான்" என்றார்.

"அப்புறம் ஏன் அஞ்சாவது தடவை கூப்பிடல?"

"எந்தக் கிழமையுமே வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

நீலச் சேலைப் பெட்டியை டீச்சர் திரும்ப என் மோட்டாரில் கட்டவிடவில்லை. மோட்டாரை அங்கேயே விட்டுவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக் கொண்டுபோகச் சொல்லி என்னைக் குகனின் காரில் ஏற்றிவிட்டார். பாலத்தில் வரும்போது, "நான் ஒரு போன் வாங்கித் தரட்டா?" என்று குகன் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சீதனம் கேட்கிறார்கள் என்று சண்டை போடப் போனவள் போன் வாங்கிக்கொண்டு திரும்பினால் ஊர் என்ன சொல்லும்? ஆனால் கொம்தாரில் நிறுத்தச் சொன்னேன்.

"ஏறிடுச்சு தங்கச்சி" என்றார் கடைக்கார அண்ணன், நான் கேட்பதற்கு முன்பே. "ஆயிரத்து எரநூத்தம்பது."

"தெரியும்ணே. குடுங்க."

அவர் ஆச்சரியப்பட்டுப்போய் கேமராவைப் பற்றியும் பேட்டரியைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தார். நான் நிறுத்தினேன்.

"அதெல்லாம் இருக்கட்டும்ணே. வலது பக்கம் தெரியுமா?"

"எல்லாப் பக்கமும் தெரியும் லா!"

அது விலைக்குத் தகுந்ததா என்று இன்றுவரை பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தகுந்தது. கேமராவுக்கு நான் ஒரு காசும் கொடுக்கமாட்டேன். 'வேறு ஒன்றும் வேண்டாம்' என்ற வரி தெரிவதற்கு அந்த விலை தாராளமாகக் கொடுக்கலாம். அதைத்தான் இன்றும் அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

நிச்சயம் ஞாயிறு பதினேழில் நடந்தது. அதன் பிறகு எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைக்குப் பெயர் மாறிவிட்டது. "வர்ற பதினஞ்சாயிரம் கோயிலுக்குப் போலாமா?" என்பார் குகன். "பதினஞ்சாயிரம் அன்னைக்கு மீன் வாங்காதே" என்பாள் அம்மா. அப்பாகூட அப்படித்தான் சொல்கிறார். நான் மட்டும் விடாப்பிடியாக 'வெள்ளிக்கிழமை' என்று முழுதாக அழுத்திச் சொல்வேன். யாரும் கேட்பதில்லை.

அன்று வாங்கிய போனுக்கு இப்போது ஏழு வயது. இடது மூலையில் ஒரு விரிசல் விழுந்திருக்கிறது. விலை மறுபடி ஏறிக்கொண்டிருக்கிறது. இறங்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். குகன் அந்த விரிசலைத் தினமும் ஒரு ஸ்கேல் வைத்து அளக்கிறார். வலது பக்கத்தைத் தொடுகிற அன்று பேச்சே இல்லாமல் போய் வாங்குவது என்று ஒப்பந்தம்.

போன மாதம் மகளின் பாலர் பள்ளியில் இருந்து கூப்பிட்டார்கள். கிழமைகள் சொல்லச் சொன்னால் பிள்ளை ஒன்று மட்டும் தப்பாகச் சொல்கிறாளாம், எவ்வளவு திருத்தியும் கேட்கமாட்டேன் என்கிறாளாம், பிடிவாதம் அதிகமாம். (யாரிடமிருந்து வந்ததோ.) வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். தமிழாசிரியை அல்லவா, அவர் சொன்னால் திருந்துவாள் என்று நினைத்தேன். மாமி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேத்தியை எதிரில் உட்கார வைத்தார்.

"எங்கே, சொல்லும் பார்ப்போம்."

"திங்கள், செவ்வாய், புதன், வியாழன், பதினஞ்சாயிரம், சனி, ஞாயிறு."

"பிழை" என்றார் மாமி. "'பதினஞ்சாயிரம்' பேச்சு வழக்கு. 'பதினைந்தாயிரம்' என்று சொல்ல வேணும்."